230 வோல்ட்டும் 230 கே.வி.யும்: மின்னழுத்த அளவுகளைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள் பெரிய பெரிய டிரான்ஸ்பார்மர்கள் நிற்கும் துணை மின்நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் 230 என்றே எழுதியிருக்கும், பக்கத்தில் 'கே.வி.' (கிலோ வோல்ட்) என்று இரண்டு எழுத்து கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த நிலை 220 கே.வி.; இலங்கையிலும் 220தான். தமிழ்நாடு 230ஐப் பிடித்துக்கொண்டதால் வீட்டு எண்ணும் கோபுர எண்ணும் ஒன்றாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

செய்திகளில் 765 கே.வி. மின்பாதை, ±800 கே.வி. மின்பாதை என்று வருகிறது. இ.சி.ஜி. தாளில் மில்லி வோல்ட் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனையில் '6 எம்.வி. (மெகா வோல்ட்) கதிர்' என்கிறார்கள். எல்லாமே வோல்ட்தான். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது தசமப் புள்ளியை நகர்த்தும் வேலை. பள்ளிக் கணக்கு போதும். ஆளைக் கவிழ்ப்பது வேறு இடம். அந்த எண் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, எந்த முறையில் அளந்தது என்பதை யாரும் பக்கத்தில் எழுதுவதில்லை.

## வோல்ட் எதை அளக்கிறது?

ஒரு கூலும் அளவுள்ள மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஒரு ஜூல் ஆற்றல் செலவானால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட். இந்த வரையறையில் கவனிக்க வேண்டியது 'இரண்டு இடங்கள்' என்பதை. 'இந்தக் கம்பியில் 110 கே.வி. இருக்கிறது' என்பது பேச்சு வழக்கு. எதற்கும் எதற்கும் இடையே என்பது அதில் விடுபட்டிருக்கிறது.

110 கே.வி. கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில். கால்களுக்கு இடையே எத்தனை வோல்ட் இருக்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம்.

1. கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.14 ஓம் எனக் கொள்வோம். இந்த நிலைப் பாதைகளில் ஓடும் அலுமினியக் கம்பிக்கு இது பொருந்தி வரும் அளவு.
2. கால்களுக்கு இடையே 5 செ.மீ. தூரம். அந்தத் துண்டின் தடை ஒரு ஓமில் 10 லட்சத்தில் 7 பங்கு, அதாவது 7 மைக்ரோ ஓம்.
3. கம்பியில் 300 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால், 7 மைக்ரோ ஓம் × 300 = 2,100 மைக்ரோ வோல்ட். அதாவது 2.1 மில்லி வோல்ட்.

கம்பி 110 கே.வி., காக்கைக்கு 2.1 மில்லி வோல்ட். தடையை மட்டும் எடுத்துக்கொண்ட தோராயக் கணக்குதான் இது, ஆனாலும் கே.வி. எப்படி மில்லி வோல்ட் ஆயிற்று என்பது தெரிகிறது. நாம் அலகை மாற்றவில்லை, அளக்கும் இடத்தை மாற்றினோம்.

## புள்ளியை நகர்த்தும் வேலை

சரி, முதலில் எளிய பகுதியை முடித்துவிடுவோம். வோல்ட்டுக்கு முன்னால் வரும் ஒட்டுகள் ஒவ்வொன்றும் ஆயிரம் மடங்கு ஏறுகின்றன.

- மைக்ரோ வோல்ட்: வோல்ட்டில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. தலையில் மின்முனை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பதிவில் வருவது பத்து முதல் நூறு மைக்ரோ வோல்ட் வரை. உலைகளில் வெப்பம் அளக்கும் 'கே' வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோ வோல்ட் தரும்.
- மில்லி வோல்ட்: ஆயிரத்தில் ஒரு பங்கு. இ.சி.ஜி. தாளில் வழக்கமான அமைப்பில் 10 மி.மீ. உயரம் என்றால் ஒரு மில்லி வோல்ட்.
- வோல்ட்: டார்ச் செல் 1.5, பைக் பேட்டரி 12, வீட்டு இணைப்பு 230.
- கிலோ வோல்ட்: ஆயிரம். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வருவது 11, ரயில் கம்பியில் 25.
- மெகா வோல்ட்: 10 லட்சம்.
- கிகா வோல்ட்: 100 கோடி. இவ்வளவு பெரிய அளவை நிஜ வாழ்வில் எங்கே பார்ப்பது என்றால், ஊட்டியில். அங்குள்ள கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்தில், மியூவான் என்ற நுண்துகளை எண்ணும் கருவி, 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகத்துக்குள் 1.3 கிகா வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டது. முடிவு வெளியானது 2019இல். நம் எண்ணிக்கையில் 130 கோடி வோல்ட்.

மாற்றும் முறைக்கு மூன்று வரி போதும்.

1. எந்த அலகில் இருந்தாலும் முதலில் வெறும் வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள். மைக்ரோவிலிருந்து நேராகக் கிலோவுக்குத் தாவுகிறபோதுதான் சைபர் தவறுகிறது.
2. பெரிய அலகுக்குப் போனால் எண் சிறுக்க வேண்டும். 47 மைக்ரோ வோல்ட் என்பது 0.047 மில்லி வோல்ட். 0.433 கே.வி. என்பது 433 வோல்ட். எண்ணும் அலகும் சேர்ந்து பெருத்தால் எங்கோ தப்பு.
3. கே.வி.யை லட்சக் கணக்கில் சொல்ல வேண்டுமானால் 100ஆல் வகுங்கள். 110 கே.வி. 1.1 லட்சம் வோல்ட், 765 கே.வி. 7.65 லட்சம், 800 கே.வி. 8 லட்சம். '1,10,000 கிலோ வோல்ட்' என்று எங்காவது படித்தால், எழுதியவர் வோல்ட்டாக மாற்றிவிட்டு 'கிலோ'வை எடுக்க மறந்துவிட்டார் என்று அர்த்தம். அப்படி ஒரு மின்பாதை உலகில் எங்கும் கிடையாது.

எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஆங்கிலக் குறியீட்டில் சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா. ஷிப்ட் விசையை அழுத்தியதா இல்லையா என்பதில் 100 கோடி மடங்கு வேறுபாடு. தமிழில் சுருக்கினாலும் பாடு அதேதான்: 'மி.வோ.'வுக்கும் 'மெ.வோ.'வுக்கும் ஒரு கொம்புதான் தூரம். இந்த இரண்டையும் சுருக்காமல் முழுதாக எழுதுவதே நல்லது.

## வோல்ட் போலத் தெரிந்தும் வோல்ட் அல்லாதவை

மாற்றக் கூடாதவற்றை மாற்றப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது.

1. கே.வி.ஏ.: தெரு டிரான்ஸ்பார்மரில் '11 கே.வி./433 வோல்ட், 100 கே.வி.ஏ.' என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு அழுத்தம். மூன்றாவது, அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது. டிரான்ஸ்பார்மரால் எவ்வளவு சுமையைத் தாங்க முடியும் என்பதைச் சொல்வது. '100 கே.வி.ஏ. எத்தனை கே.வி.?' என்பது, 'பத்து மூட்டை நெல் எத்தனை மீட்டர்?' என்று கேட்பது போல. ஏ.சி.க்கு மாட்டும் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரும் இந்த வகைதான்.
2. வாட், ஆம்பியர்: வோல்ட்டை வாட் ஆக்க ஒரு வாய்ப்பாடு கிடையாது. எத்தனை ஆம்பியர் என்பது தெரிந்தால் பெருக்கலாம், தெரியாவிட்டால் முடியாது.
3. எலெக்ட்ரான் வோல்ட்: பெயரில் வோல்ட் இருந்தாலும் இது ஆற்றலின் அலகு. ஒரு எலெக்ட்ரான் ஒரு வோல்ட் வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்.

மூன்றாவதை மருத்துவமனையில் நேரடியாகவே பார்க்கலாம். கதிர்வீச்சு சிகிச்சை எந்திரத்தில் எக்ஸ் கதிர் என்றால் '6 எம்.வி.' என்றும், எலெக்ட்ரான் கதிர் என்றால் '6 எம்.இ.வி.' (மெகா எலெக்ட்ரான் வோல்ட்) என்றும் எழுதுவார்கள். ஒரு எழுத்து வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. எலெக்ட்ரான் கதிரில் துகள்களின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், அதனால் ஆற்றல் அலகிலேயே சொல்லிவிடலாம். எக்ஸ் கதிரிலோ சிறிதும் பெரிதுமாகப் பல ஆற்றல்கள் கலந்து வரும். ஆகவே, 6 மெகா வோல்ட் அழுத்தத்தால் முடுக்கிய எலெக்ட்ரானைக் கொண்டு உண்டாக்கிய கதிர் என்று, காரணத்தின் அலகைச் சொல்கிறார்கள்.

## 230 வோல்ட் என்பது எந்த 230?

வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் மேலேறி, சைபருக்கு வந்து, எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறது. நிலையாக நிற்காத ஒன்றுக்கு ஒரே எண் எப்படி?

ஒரு ஹீட்டரை அந்த மின்சாரத்தில் போட்டால் வரும் சூட்டையே, எந்த நேர்த்திசை மின்னழுத்தம் தருமோ, அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். இதுதான் ஆர்.எம்.எஸ். மதிப்பு. 230 என்பது அது. அலை உண்மையில் தொடும் உச்சம் இதைவிட 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரை அளந்தால் 650.

ஆக, ஒரே பிளக் பாயின்ட்டுக்கு 230, 325, 650 என்று மூன்று எண்கள். மூன்றும் சரி. மல்டிமீட்டர் முதல் எண்ணைக் காட்டும். அலைகாட்டியின் திரையில் மற்ற இரண்டையும் எண்ணலாம்.

இதற்கு நடைமுறை விளைவு உண்டு. எல்.இ.டி. பல்புக்குள் நுழையும் மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி ஒரு கெபாசிட்டரில் சேர்க்கிறார்கள். அதில் சேர்வது உச்ச மதிப்பு: 325 வோல்ட். வீட்டு அழுத்தம் பத்து சதவீதம் ஏறி 253 ஆனால், உச்சம் 358. அதனால்தான் பழுது பார்க்கப் பிரித்தால் உள்ளே '400 வோல்ட்' அச்சிட்ட கெபாசிட்டர் இருக்கிறது. '230தானே வருகிறது' என்று 250 வோல்ட் கெபாசிட்டரைப் பற்றவைத்தால் அது உப்பி வெடிக்கும். அலகு இரண்டிலும் வோல்ட்தான், அளந்த முறைதான் வேறு.

## 400, 415, 433: மும்முனைக் கணக்கு

மும்முனை இணைப்பில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் 230. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே அளந்தால் 460 வராது. மூன்று அலைகளும் ஒன்றையொன்று முந்திப் பிந்தி ஓடுவதால், மூன்றின் வர்க்கமூலமான 1.732ஆல் பெருக்க வேண்டும். வருவது 398, அதை 400 என்கிறோம்.

அப்படியானால் மோட்டார் தகட்டில் இருக்கும் 415 எங்கிருந்து வந்தது? பழைய தர அளவு 240 வோல்ட். 240 × 1.732 = 415.7. அளவு 230க்கு மாறியபிறகும் மின் பணியாளர் பேச்சில் 415 அப்படியே தங்கிவிட்டது. டிரான்ஸ்பார்மரில் உள்ள 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250. சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் வாயிலில் 250 வைத்தால்தான், கம்பியில் போகப்போக இறங்கி, கடைசி வீட்டுக்கு 230ஐ ஒட்டியாவது போய்ச் சேரும். மூன்று எண்களும் ஒரே அமைப்பைத்தான் குறிக்கின்றன.

இந்த 1.732 தெருவில் இறங்கி அடிப்பது நியூட்ரல் அறுந்தால். வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள், நியூட்ரல் இல்லாமல், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே தொடராக மாட்டிக்கொள்கின்றன. 400 வோல்ட்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும், சமமாக அல்ல. அதிகச் சுமை ஓடும் வீட்டுக்குக் குறைவாகவும், ஒரு டிவியும் ஒரு பல்பும் மட்டும் எரியும் வீட்டுக்கு முந்நூறுக்கு மேலும் போகும். சிக்கனமாக இருந்தவர் வீட்டு டிவிதான் முதலில் புகைகிறது.

அப்போது 'ஹை வோல்டேஜ் வந்துடுச்சு' என்கிறோம். மின்துறையின் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரை தாழ்வழுத்தம், 650 வரை நடுத்தர அழுத்தம், 33,000 வரை உயரழுத்தம், அதற்கு மேல் மிகையழுத்தம் என்று பிரித்தன. டிவியை எரித்த 'ஹை வோல்டேஜ்' இந்தக் கணக்கில் நடுத்தரத்தைத் தாண்டவே இல்லை.

## 33ஐவிட 25 பெரிதாவது எப்படி?

மும்முனை மின்பாதைகளின் பெயரில் உள்ள எண் எப்போதும் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள அளவு. தரையிலிருந்து அளக்க 1.732ஆல் வகுக்க வேண்டும்.

- 11 கே.வி. பாதை: தரைக்கு 6.35 கே.வி.
- 33 கே.வி. பாதை: தரைக்கு 19 கே.வி.
- 110 கே.வி. பாதை: தரைக்கு 63.5 கே.வி.
- 230 கே.வி. பாதை: தரைக்கு 132.8 கே.வி.

ரயில் பாதைக்கு இந்த வகுத்தல் இல்லை. மேலே ஓடும் கம்பி ஒன்றே ஒன்று. திரும்பும் வழி தண்டவாளம். அங்கே 25 கே.வி. என்றால் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே முழு 25 கே.வி. ஆக, தரையில் நிற்பவருக்கு 33 கே.வி. பாதையின் கம்பியைவிட ரயில் கம்பியே கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது. உயரமோ குறைவு. பெட்டியின் கூரை மீது ஏறி செல்பி எடுப்பவர் நிற்பது அந்த முழு 25 கே.வி.க்கும் மிக அருகில். கம்பியைத் தொடவே வேண்டாம், இடைவெளி போதிய அளவு குறைந்தால் காற்றைத் தாண்டியே பாயும்.

சென்னையிலேயே இந்த எண் மாறியிருக்கிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது கம்பியில் 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். 1960களில் அது 25 கே.வி. மாறுதிசைக்கு மாறியது. 1.5லிருந்து 25 என்பதை வெறும் எண்ணாக ஒப்பிடுவதும் முழுச் சரியல்ல: முன்னது நேர்த்திசை, பின்னது ஆர்.எம்.எஸ். உச்சத்தைக் கணக்கிட்டால் 25 கே.வி. கம்பி தொடுவது 35 கே.வி.

## ±800 என்றால் 800ஆ, 1,600ஆ?

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 1,700 கி.மீ.க்கும் கூடுதலான தூரம் வரும் நேர்த்திசை மின்பாதையின் பெயரில் ±800 கே.வி. என்று இருக்கிறது. 6,000 மெகாவாட் வரை கொண்டுவரக்கூடியது. இந்தக் கூட்டல்-கழித்தல் குறியை 'கொஞ்சம் முன்னே பின்னே' என்ற பொருளில் படிப்பவர்கள் உண்டு. வீட்டு மின்சாரத்தில் '230 வோல்ட், ±10 சதவீதம்' என்று எழுதும்போது அந்தப் பொருள் சரி. இங்கே அப்படியல்ல.

இந்தப் பாதைக்கு இரண்டு முனைகள். ஒன்று தரையைவிட 800 கே.வி. மேலே, மற்றது 800 கே.வி. கீழே. எனவே:

1. தரைக்கும் எந்த ஒரு முனைக்கும் இடையே 800 கே.வி.
2. இரண்டு முனைகளுக்கும் இடையே 1,600 கே.வி., அதாவது 1.6 மெகா வோல்ட் அல்லது 16 லட்சம் வோல்ட்.
3. முழுத் திறனில் ஓடினால் மின்னோட்டம்: 6,000 மெகாவாட்டை 1.6 மெகா வோல்ட்டால் வகுக்க, 3,750 ஆம்பியர். இங்கே 800ஐப் போட்டு வகுத்தால் 7,500 என்று வரும். இரு மடங்கு தவறு.

புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் நேர்த்திசை இணைப்பு ±320 கே.வி. அதற்கும் இதே கணக்கு: முனைகளுக்கு இடையே 640.

இப்போது 765 கே.வி. மாறுதிசைப் பாதையையும் இந்த ±800 பாதையையும் பக்கத்தில் வைப்போம். பெயரைப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 35. உண்மையில், 765ஐ 1.732ஆல் வகுத்தால் தரைக்கு 441.7 கே.வி.; அதுவும் ஆர்.எம்.எஸ். உச்சம் 625 கே.வி. மறுபக்கம் 800 கே.வி. ஏற்ற இறக்கமின்றி அப்படியே நிற்கிறது. கம்பியைத் தாங்கும் பீங்கான் அல்லது கண்ணாடிச் சரத்தின் மீது விழும் அழுத்தத்தை ஒப்பிட வேண்டுமானால் இந்த 625ஐயும் 800ஐயும்தான் ஒப்பிட வேண்டும்; பெயர்ப்பலகை எண்களை அல்ல. செய்திகளில் இந்த இரண்டையும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஏணிகளே வேறு வேறு.

## மீட்டர் காட்டும் 110

துணை மின்நிலையத்தில் 110 கே.வி.யை நேராக மீட்டருக்குள் விட முடியாது. பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர் என்ற சிறு கருவி அதை விகிதம் மாறாமல் இறக்கித் தரும். இந்தியாவில் அது இறக்கித் தரும் வழக்கமான அளவு 110 வோல்ட்.

110 கே.வி. பாதைக்கு விகிதம் சரியாக ஆயிரம். மீட்டரில் 108 என்று வந்தால் பாதையில் 108 கே.வி.; அலகை மட்டும் மாற்றிப் படித்தால் போதும். இந்த வசதி மற்ற நிலைகளில் இல்லை. 230 கே.வி. பாதைக்கு விகிதம் 2,091. அங்கே மீட்டர் 108 காட்டினால் பாதையில் 225.8 கே.வி.

இதே கணக்கு உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளின் மின்கட்டணத்திலும் நுழைகிறது. 11 கே.வி. இணைப்பில் அழுத்த விகிதம் 100. மின்னோட்டத்தை இறக்கும் கருவி 100/5 ஆனால் அதன் விகிதம் 20. இரண்டையும் பெருக்கினால் 2,000. விகிதத்தைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளாத மீட்டரில் மாதத்துக்கு 12.5 யூனிட் ஏறியிருந்தால், உண்மைப் பயன்பாடு 25,000 யூனிட். அழுத்த விகிதத்தை விட்டுவிட்டால் 250 யூனிட் என்று வரும். ஆலை முதலாளிக்கு ஒரு மாதம் கொண்டாட்டம், அடுத்த தணிக்கையில் நிலுவை நோட்டீஸ்.

## கேபிள்காரரின் டெசிபல்

கேபிள் டிவி சிக்னலை அளக்க வருபவரின் கையில் இருக்கும் மீட்டர் வோல்ட்டைக் காட்டாது. '66 டி.பி. மைக்ரோ வோல்ட்' என்று காட்டும். ஒரு மைக்ரோ வோல்ட்டைத் தொடக்கமாக வைத்து, எத்தனை மடங்கு என்பதை மடக்கைக் கணக்கில் சொல்லும் முறை இது.

- 0 டி.பி. மைக்ரோ வோல்ட்: 1 மைக்ரோ வோல்ட்
- 60: 1 மில்லி வோல்ட்
- 66: சுமார் 2 மில்லி வோல்ட்
- 80: 10 மில்லி வோல்ட்
- 120: 1 வோல்ட்

20 கூட்டினால் பத்து மடங்கு, 6 கூட்டினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புள்ளியை நகர்த்தும் உத்தி இங்கே செல்லாது. 80லிருந்து 40க்கு இறங்கினால் சிக்னல் பாதியாகவில்லை, நூறில் ஒரு பங்காகிவிட்டது.

ஒலிக்கருவிக் கடைகளில் தொடக்கப் புள்ளியே இரண்டு. 'டி.பி.வி.' என்றால் 1 வோல்ட்டிலிருந்து, 'டி.பி.யு.' என்றால் 0.775 வோல்ட்டிலிருந்து எண்ணுவார்கள். வீட்டு ஆம்பிளிபயருக்கான –10 டி.பி.வி. 0.316 வோல்ட்; ஒலிப்பதிவுக்கூடத்தின் +4 டி.பி.யு. 1.23 வோல்ட். இரண்டுக்கும் வித்தியாசம் 14 என்று கழித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். தொடக்கம் வேறு என்பதால் அது சுமார் 11.8.

## வோல்ட்டே மாறியபோது

இதுவரை வோல்ட் என்ற அளவுகோல் நிலையானது என்று வைத்துப் பேசினோம். அதுவும் முழு உண்மையில்லை.

இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா தன் மின்கல அடுக்கை அறிவித்தது 1800இல். அவர் பெயரில் அலகை 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றது. இன்னொரு பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது: 860 வோல்ட் வரை அடிக்கும் தென்னமெரிக்க மின்விலாங்கு ஒன்றுக்கு 2019இல் 'எலெக்ட்ரோபோரஸ் வோல்டாய்' என்று பெயரிட்டார்கள்.

அன்றைய அறிவியலாளர்கள் சென்டிமீட்டர்–கிராம்–நொடி முறையில் கணக்குப் போட்டவர்கள். அந்த முறையில் வந்த 'ஆப் வோல்ட்' ஒரு வோல்ட்டில் 10 கோடியில் ஒரு பங்கு. யாருக்கும் பயன்படாத பொடி. அதே முறையின் இன்னொரு கிளையில் வந்த 'ஸ்டாட் வோல்ட்' 299.79 வோல்ட். இலக்கங்களைப் பார்த்தால் அடையாளம் தெரியும், ஒளியின் வேகத்தில் வரும் அதே இலக்கங்கள். தந்தித் துறையில் புழங்கிய டேனியல் மின்கலம் தந்தது 1.1 வோல்ட்டை ஒட்டி. ஆப் வோல்ட்டைப் 10 கோடியால் பெருக்கினால் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதால், கைக்கு அடக்கமான அந்த அளவுக்கு வோல்ட் என்று பெயர் வைத்தார்கள். பழைய இயற்பியல் நூல்களைப் புரட்டுபவர்களுக்கு மட்டும் இந்த மாற்றுக் கணக்கு இன்றும் வேண்டியிருக்கும்.

அப்புறம் 1908இல் லண்டனில் 'பன்னாட்டு வோல்ட்' மறுபடி வரையறுக்கப்பட்டது. நடைமுறையில் வெஸ்டன் மின்கலம் அதைத் தாங்கி நின்றது: 20 டிகிரியில் 1.0183 வோல்ட். 1948இல் அது கைவிடப்பட்டு இன்றைய வரையறைக்கு மாறியபோது, பழைய ஒரு வோல்ட் புதிய கணக்கில் 1.00034 ஆனது. 1948க்கு முன் 230 என்று எழுதிய குறிப்பை இன்றைய அளவில் 230.08 என்று படிக்க வேண்டும். வீட்டு பல்புக்கு இது பொருட்டல்ல. துல்லியமான மீட்டர் செய்பவர்களுக்குப் பொருட்டு.

1990 முதல் மின்கலத்தை நம்புவது போய், ஜோசப்சன் விளைவு வந்தது. மிகக் குளிர்ந்த மீக்கடத்திச் (மின்தடையே இல்லாத பொருள்) சந்தியில் நுண்ணலையைச் செலுத்தினால், அதன் அதிர்வெண்ணுக்கு ஏற்பத் துல்லியமான அழுத்தம் பிறக்கும். அதிர்வெண்ணை வோல்ட்டாக்க ஒரு மாறிலியை உலகம் ஒப்புக்கொண்டது. 2019 மே 20 அன்று பன்னாட்டு அலகு முறை திருத்தப்பட்டு, எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் பிளாங்க் மாறிலிக்கும் மாறாத மதிப்பு வைத்தபோது, அந்த ஒப்பந்த மாறிலி சற்றே பிசகியிருந்தது தெரிந்தது. பிசகு ஒரு கோடியில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். உலகின் துல்லியமான வோல்ட் அளவுகள் எல்லாம் அன்று அந்த அளவுக்கு ஒரு சிறு எட்டு மேலே நகர்ந்தன.

நம் முதல் இரண்டு எண்களில் அது எவ்வளவு? 230 கே.வி.யில் சுமார் 25 மில்லி வோல்ட். வீட்டு 230 வோல்ட்டில் 25 மைக்ரோ வோல்ட்.